சர்க்கரை நோயில் சிறுநீரகம் கெடுவது பரம்பரையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோய் என்று தெரிந்த சில நாட்களிலேயே அடுத்த பயம் வந்துவிடுகிறது: கிட்னி என்ன ஆகும்? "எங்கள் பரம்பரையிலேயே இருக்கிறது, தப்ப முடியாது" என்று முன்கூட்டியே கைவிட்டுவிடுபவர்கள் உண்டு. "எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை, எனக்கு வராது" என்று சிறுநீரைப் பரிசோதிக்காமலே பத்து வருடம் ஓட்டுபவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்தாரும் பரம்பரை என்ற சொல்லைத் தவறாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கீழே உள்ள பதில்களை வைத்து மருந்தை மாற்ற வேண்டாம். மருத்துவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போகப் பயன்படுத்துங்கள்.

சர்க்கரை நோய் வந்த எல்லோருக்கும் சிறுநீரகம் கெடுமா?

இல்லை. நூற்றுக்கு 30 முதல் 40 பேருக்குத்தான் பாதிப்பு வருகிறது. சர்க்கரையை ஒழுங்காக வைத்திராதவர்கள் சிலரும் தப்பிவிடுகிறார்கள். கவனமாக இருந்தவர்கள் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். பல ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்களை உறுத்திவந்தது இந்த முரண்தான்.

உடலில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுபோகும் முதல் வகைச் சர்க்கரை நோயில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். நோய் தொடங்கிப் பத்து முதல் இருபது ஆண்டுகளுக்குள் சிறுநீரகப் பாதிப்பு தலைகாட்டுவது உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டியவர்களிடம் புதிதாகப் பாதிப்பு தொடங்குவது குறைந்துவிடும். சர்க்கரை மட்டுமே குற்றவாளி என்றால் வருடம் ஏற ஏறப் பாதிப்பும் ஏறிக்கொண்டே அல்லவா போக வேண்டும்? குறைகிறது என்றால், எளிதில் கெடக்கூடிய சிறுநீரகங்கள் முன்பே கெட்டுவிட்டன, மிஞ்சியவை தாக்குப்பிடிக்கும் ரகம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ரகத்தைத் தேடிப்போனவர்களும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள ஜாஸ்லின் நீரிழிவு மையம், இன்சுலினோடு 50 ஆண்டு வாழ்ந்தவர்களுக்கு 1970 முதல் பதக்கம் கொடுத்துவருகிறது. அவர்களில் பலருக்குச் சிறுநீரகம் கெடவே இல்லை. இறந்தபின் தானமாகக் கிடைத்த சிறுநீரகங்களை ஆராய்ந்தபோது, தப்பியவர்களின் சிறுநீரக வடிகட்டிகளில் சர்க்கரையைக் கரைத்துச் செலவழிக்கும் நொதிகள் கூடுதலாக இருந்தன. பிகேஎம்2 என்ற நொதி அவற்றில் முக்கியமானது. 2017இல் வெளியான முடிவு இது. "எனக்கு ஏன் வந்தது?" என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் "இவர்களுக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

குடும்பத்தில் ஓடுகிறது என்பதற்கு என்ன ஆதாரம்? சர்க்கரை நோயே குடும்பத்தில் ஓடுவதுதானே?

நல்ல கேள்வி. சர்க்கரை நோய் ஒரு சொத்து, அதனால் சிறுநீரகம் கெடும் தன்மை இன்னொரு சொத்து. இரண்டும் ஒன்றாகவே கைமாற வேண்டும் என்பதில்லை.

இதைத் தனியே பிரித்துக் காட்டியது 1989இல் வந்த ஓர் ஆய்வு. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களையும், அதே நோய் உள்ள அவர்களுடைய உடன்பிறந்தவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். அதாவது எல்லோருக்குமே சர்க்கரை உண்டு. முதலாமவருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தால், உடன்பிறந்த 29 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் அடையாளம் இருந்தது. முதலாமவரின் சிறுநீரகம் நன்றாக இருந்தால், உடன்பிறந்த 12 பேரில் இரண்டே பேருக்கு. நூற்றுக்கு 83, நூற்றுக்கு 17. சிறிய ஆய்வுதான், ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை.

அடுத்த ஆண்டே, பெரியவர்களிடம் பரவலாகக் காணும் இரண்டாம் வகைக்கும் ஒரு சான்று வந்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பிமா பழங்குடியினரிடம் சர்க்கரை நோய் மிக அதிகம். அங்கே சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளைப் பெற்றோரோடு சேர்த்துப் பார்த்தார்கள். சிறுநீரில் புரதம் போவது சிறுநீரகம் கெடுவதன் அடையாளம். தாய், தந்தை இருவருக்குமே சிறுநீரில் புரதம் போகவில்லை என்றால், பிள்ளைகளில் 14 விழுக்காட்டினருக்குப் புரதம் போனது. பெற்றோரில் ஒருவருக்குப் போனால் 23 விழுக்காடு. இருவருக்கும் போனால் 46.

ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் ஒரே மாதிரி உண்பார்கள், ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பார்கள், வீட்டில் ஒருவர் புகைத்தால் மற்றவரும் புகைக்கலாம். குடும்பத்தில் ஓடுவதெல்லாம் மரபணு அல்ல என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் பின்லாந்தில் 1997இல் தொடங்கி ஆயிரக்கணக்கான முதல் வகை நோயாளிகளைத் தொடர்ந்துவரும் ஃபின்டயான் ஆய்வு, மரபணுக்களையே நேரடியாக எண்ணிப் பார்த்தபோதும் நோயாளிக்கு நோயாளி காணும் வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மரபணுக்களின் கை தெரிந்தது. மீதி மூன்றில் இரண்டு பங்கு வேறு எங்கோ இருக்கிறது. அந்த மீதியையும் மறந்துவிடாதீர்கள்.

எந்த மரபணு இதற்குக் காரணம்?

"அந்த ஒரு மரபணு" என்று எதுவும் இல்லை. எல்லோரும் அப்படி ஒன்று இருக்கும் என்றுதான் தேடினார்கள், கதையே அதுதான்.

முதலில் சந்தேகப்பட்டவர்களைப் பிடித்து விசாரித்தார்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோன் சங்கிலியில் ஏசிஇ என்ற நொதி உண்டு. அதன் மரபணுவில் 287 எழுத்து (டிஎன்ஏவின் வேதி அலகு) நீளத்துக்கு ஒரு துண்டு சிலரிடம் இருக்கும், சிலரிடம் இருக்காது. துண்டு இல்லாதவர்களுக்கு ரத்தத்தில் இந்த நொதி அதிகம். 1990இல் இது தெரிந்ததும் "கிடைத்துவிட்டது" என்று ஒரே ஆரவாரம். ஓர் ஆய்வு ஆம் என்றது, அடுத்தது இல்லை என்றது. கடைசியில் மிஞ்சியது ஒரு சின்னத் தொடர்பு மட்டுமே. கார்னோசினேஸ் நொதிக்கான சிஎன்டிபி1, ஜப்பானிய ஆய்வில் வெளிப்பட்ட இஎல்எம்ஓ1 என்று இன்னும் பல பெயர்கள் வந்துபோயின. ஒரு மக்கள் கூட்டத்தில் தெரிந்தது இன்னொரு கூட்டத்தில் தெரியவில்லை. சில, ஆணைவிடப் பெண்ணிடம் தெளிவாகத் தெரிந்தன.

பிறகு வழியை மாற்றினார்கள். யாரையும் முன்கூட்டியே சந்தேகப்படாமல், மரபணுத் தொகுதி முழுவதிலும் லட்சக்கணக்கான இடங்களைச் சோதிப்பது. இத்தனை இடங்களைப் பார்க்கும்போது தற்செயலாகவே பல இடங்கள் குற்றவாளிபோலத் தோன்றும். அதனால் இங்கே நிபந்தனை கடுமை: தற்செயலாக நடக்க இரண்டு கோடியில் ஒரு வாய்ப்புதான் என்ற அளவுக்குத் தெளிவாக இருந்தால்தான் பட்டியலில் சேர்ப்பார்கள். அந்த அளவுக்குத் தேற வேண்டுமானால் ஆயிரக்கணக்கில் நோயாளிகள் வேண்டும். 2019இல் முதல் வகை நோயாளிகள் சுமார் 19,400 பேரை வைத்துச் செய்த ஆய்வில் 16 இடங்கள் தேறின. ஒவ்வொன்றும் தனியாகச் செய்வது கொஞ்சம்தான். அவற்றில் ஒன்றை மட்டும் சற்று நின்று பார்க்கலாம்.

அந்த ஒன்று எது? அது என்ன செய்கிறது?

சிஓஎல்4ஏ3. நான்காம் வகைக் கொலாஜன் என்னும் நார்ப் புரதத்தை நெய்யும் மரபணுக்களில் ஒன்று.

அது வேலை செய்யும் இடத்தைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் மெல்லிய ரத்தக் குழாய்களால் ஆன ஒரு சிறு முடிச்சு. குழாயின் உட்சுவரில் சல்லடைபோலத் துளைகள். வெளிப்புறத்தில், விரல்களைக் கோத்தாற்போலக் கால்களைப் பரப்பிப் பிடித்துக்கொண்டிருக்கும் செல்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தாள். இந்தத் தாளின் நெசவு நூல்தான் நான்காம் வகைக் கொலாஜன். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் திரவத்தை இந்தத் தாளின் வழியே விடுகின்றன; ஆனால் ரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தை ஏறக்குறைய முழுவதும் தடுத்து நிறுத்திவிடுகின்றன. சர்க்கரை நோயில் முதலில் நடக்கும் மாற்றங்களில் ஒன்று, இந்தத் தாள் தடித்துப்போவது. தடித்தால் இன்னும் நன்றாகத்தானே தடுக்கும் என்று தோன்றும். நடப்பது தலைகீழ்: தடித்த தாளின் நெசவு கெட்டிருக்கிறது, அதைப் பிடித்திருந்த செல்கள் கால் வழுக்கி உதிர்கின்றன, ஆல்புமின் ஒழுகுகிறது.

2019 ஆய்வில் தெரிந்தது இதுதான்: சிஓஎல்4ஏ3 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பவர்களுக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் கெடும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. அவர்களுடைய தாள் சற்று மெல்லியது. இந்தப் பாதுகாப்பு சர்க்கரைக் கட்டுப்பாடு மோசமாக இருந்தவர்களிடம்தான் நன்றாகத் தெரிந்தது. அதாவது மரபணுவும் சர்க்கரையும் தனித்தனியாக வேலை செய்யவில்லை. ஒன்று எவ்வளவு பேசும் என்பதை இன்னொன்று முடிவு செய்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இதே மரபணு பெரிய அளவில் பழுதானால் ஆல்போர்ட் நோய் வருகிறது: சிறுநீரில் ரத்தம், காது மந்தம், கடைசியில் சிறுநீரகச் செயலிழப்பு. ஒரே மரபணு, ஓர் எழுத்தில் காவல், இன்னோர் எழுத்தில் கேடு. "கெட்ட மரபணு" என்று பேசுபவர்களிடம் நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

ஏபிஓஎல்1 என்று ஒரு மரபணுவைப் பற்றி நிறையப் படிக்கிறேன். அது எனக்குப் பொருந்துமா?

உங்கள் முன்னோர் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள் என்றால் பொருந்தலாம். இல்லையென்றால் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கதை சுவாரசியமானது. ஆப்பிரிக்காவில் செட்சி ஈ கடித்துப் பரவும் தூக்க நோய்க்குக் காரணம் ஓர் ஒட்டுண்ணி. ரத்தத்திலுள்ள ஏபிஓஎல்1 புரதம் அதைக் கொல்லும். ஒட்டுண்ணியின் சில இனங்கள் அதற்கும் தப்பக் கற்றுக்கொண்டன. பதிலுக்கு மனிதரிடம் ஜி1, ஜி2 என்ற இரண்டு மாற்று வடிவங்கள் தோன்றி, அவற்றில் சிலவற்றை மறுபடியும் மடக்கின. ஒரு பிரதி இருந்தால் நன்மை. தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அமெரிக்கக் கறுப்பின மக்களில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினர் இப்படி இரண்டு பிரதி உள்ளவர்கள். இது 2010இல்தான் தெரியவந்தது.

சர்க்கரை நோயைப் பொறுத்தவரை ஒரு நுணுக்கம்: சிறுநீரகப் பாதிப்பைத் தொடங்கிவைப்பதில் இதன் பங்கு பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் தொடங்கிவிட்டால் வேகமாகக் கீழே தள்ளுகிறது. சர்க்கரை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. 2013இல் வந்த ஆய்வு இதைக் காட்டியது.

அப்பா டயாலிசிஸில் இருக்கிறார். எனக்கும் சர்க்கரை. எனக்கும் அதே கதிதானா?

அப்படிச் சொல்ல முடியாது. பிமா கணக்கையே திரும்பப் பாருங்கள். பெற்றோர் இருவருக்கும் புரதம் போன குடும்பத்திலும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் தப்பியிருக்கிறார்கள். உங்கள் ஆபத்து சராசரியைவிடக் கூடுதல், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை முதலில் உறுதிசெய்யுங்கள். அப்பாவுக்குச் சிறுநீரகம் போனது சர்க்கரையால்தானா? இதைக் கேட்காமலே பல குடும்பங்கள் ஒரு தலைமுறையைக் கடத்திவிடுகின்றன.

குடும்ப வரலாற்றை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

மருத்துவர் "வீட்டில் யாருக்காவது கிட்னி நோய் உண்டா?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "இல்லை டாக்டர்." அதே ஆளிடம் நிதானமாகக் கேட்டால் இப்படிப் போகும்:

"உங்கள் பெரியப்பா எப்படி இறந்தார்?"
"மாரடைப்பு."
"அதற்கு முன்னால் உடம்பு எப்படி இருந்தது?"
"சர்க்கரை இருந்தது. கடைசி வருடம் கால் வீங்கிக்கொண்டே இருந்தது. முகமும் உப்பியிருக்கும். என்ன சாப்பிட்டாலும் வாந்தி."
"டயாலிசிஸ் செய்தார்களா?"
"செய்யச் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார்."

குறிப்பேட்டில் "மாரடைப்பு" என்று போக வேண்டியது இப்போது வேறு மாதிரி எழுதப்படும். சிறுநீரக நோயாளிகளில் பலர் டயாலிசிஸ் வரை போகாமல் இதய நோயிலேயே இறந்துவிடுவதால் குடும்ப நினைவில் அது இதய நோயாகவே பதிந்துவிடுகிறது.

ஒரு தாளில் தாத்தா பாட்டியிலிருந்து தொடங்கி அத்தை, மாமா, சித்தப்பா, பெரியம்மா எல்லோரையும் கட்டம் கட்டி எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் சர்க்கரை எந்த வயதில் வந்தது, ரத்த அழுத்தம் இருந்ததா, காது கேட்காமல் போனதா, கண்ணுக்கு லேசர் வைத்தார்களா, எந்த வயதில் எப்படி இறந்தார்கள் என்று குறியுங்கள். வீட்டின் மூத்த பெண்மணிக்கு இதெல்லாம் மனப்பாடமாகத் தெரியும். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. இன்றைய நிலையில் பணம் கொடுத்து வாங்கும் எந்த மரபணு அறிக்கையைவிடவும் இந்தத் தாள் அதிகம் சொல்லும் என்பது என் கருத்து.

எச்சிலை அனுப்பினால் மரபணு அறிக்கை தருகிறார்களே, எடுக்கலாமா?

சர்க்கரையால் சிறுநீரகம் கெடுமா என்று தெரிந்துகொள்ளத்தான் எடுக்கிறீர்கள் என்றால், வேண்டாம். கண்டுபிடிக்கப்பட்ட இடங்கள் ஒவ்வொன்றும் ஆபத்தைச் சிறிதளவே கூட்டிக் குறைக்கின்றன. எல்லாவற்றையும் கூட்டி மதிப்பெண் போட்டாலும், உங்கள் வயது, சர்க்கரை வந்து எத்தனை வருடம், ரத்த அழுத்தம், சிறுநீரில் ஆல்புமின் ஆகிய நான்கையும் வைத்துச் சொல்வதைவிடப் பெரிதாக எதையும் அது சேர்ப்பதில்லை. போதாக்குறைக்கு, இந்த ஆய்வுகளில் பெரும்பான்மை ஐரோப்பிய வம்சாவளியினரிடம் செய்யப்பட்டவை. அங்கே கணித்த மதிப்பெண் வேறு மக்களிடம் அப்படியே செல்லாது.

"ஆபத்து குறைவு" என்று வரும் அறிக்கைதான் எனக்கு அதிகப் பயம் தருவது. அதைப் பார்த்துவிட்டுச் சிறுநீர்ப் பரிசோதனையை நிறுத்துபவர்கள் இருப்பார்கள்.

அப்படியானால் மரபணுப் பரிசோதனை யாருக்குமே தேவையில்லையா?

தேவை. ஆனால் கேள்வி வேறு. "இவருக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் கெடுமா?" என்பதற்காக அல்ல, "இவருக்குக் கெட்டிருப்பது சர்க்கரையால்தானா?" என்பதற்காக.

சர்க்கரை நோயாளிக்கு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறினால் உடனே சர்க்கரையின் மேல் பழி விழுந்துவிடுகிறது. பெரும்பாலும் அது சரிதான். சிலரிடம் தவறு. ஒரே மரபணுவின் பழுதால் வரும் நோய்கள் சர்க்கரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். 2019இல் வெளியான ஓர் ஆய்வில் நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள 3,315 பேரின் மரபணுக்களைப் படித்துப் பார்த்தபோது, 9.3 விழுக்காட்டினருக்கு இப்படி ஒற்றை மரபணுக் காரணம் கிடைத்தது. இது எல்லாக் காரணங்களும் கலந்த கூட்டம். சர்க்கரை நோயாளிகளிடம் மட்டும் பார்த்தால் விகிதம் குறைவு. என்றாலும் கிடைக்கும் அந்த ஒருவருக்கு அது பெரிய செய்தி.

எச்என்எஃப்1பி மரபணுவில் பழுது இருந்தால் இளவயதிலேயே சர்க்கரையும், சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளும் சேர்ந்து வரும். மெக்னீசியம் குறைந்திருக்கும், யூரிக் அமிலம் கூடியிருக்கும். இதில் சிறுநீரகம் கெடுவதற்குச் சர்க்கரை காரணமே அல்ல. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. இந்தப் பழுது ஏறக்குறைய பாதிப் பேரிடம் புதிதாகத் தோன்றுவது. அதனால் "குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

இன்னொன்று செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவில் வரும் மாற்றம். சர்க்கரையும் காது மந்தமும் சேர்ந்து தாய் வழியாக மட்டுமே இறங்கும். அம்மாவுக்கு இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் போகலாம். அப்பாவிடமிருந்து யாருக்கும் போகாது. சிலருக்குச் சிறுநீரக வடிகட்டிகளிலும் தழும்பு விழும். இது தெரிந்தால் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். அம்மாவுக்கும் தாய்மாமாவுக்கும் சர்க்கரை, இருவருக்கும் காது மந்தம் என்று முன்பு சொன்ன தாளில் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆல்போர்ட் நோயும், பெற்றோரில் ஒருவரிடமிருந்து சரிபாதி வாய்ப்போடு இறங்கும் நீர்க்கட்டி நோயும் சர்க்கரை நோயாளிக்கு வரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்: சர்க்கரை வந்து சில வருடங்களே ஆகியிருக்கும்போது புரதம் கொட்டுவது, விழித்திரையில் சர்க்கரைப் பாதிப்பு கொஞ்சமும் இல்லாமல் இருப்பது, சிறுநீரில் ரத்த அணுக்கள், சில மாதங்களுக்குள் வேகமாகச் சரியும் வடிகட்டும் திறன், சர்க்கரையே இல்லாத உறவினர்களுக்கும் சிறுநீரக நோய் இருப்பது. இவை எல்லாமே மரபணு நோய் என்று பொருள் அல்ல. சிலருக்குத் திசுப் பரிசோதனையில் வேறு, மருந்தில் குணமாகக்கூடிய நோய்கூடத் தெரியவரும்.

பிறவியிலேயே சிறுநீரகம் பலவீனமாக இருக்க மரபணு மட்டும்தான் காரணமா?

இல்லை. வடிகட்டிகளின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடுகிறது. ஒரு சிறுநீரகத்தில் இரண்டு லட்சமும் உண்டு, இருபது லட்சமும் உண்டு. நிறைமாதத்தில் பிறந்தவருக்குப் பிறந்தபின் ஒன்றுகூடப் புதிதாக உருவாவதில்லை. எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கும் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் கையிருப்பு குறைவாக இருக்கலாம். நீங்கள் பிறந்தபோது என்ன எடை என்று தெரிந்தால் அதையும் தாளில் எழுதிவையுங்கள்.

எந்தப் பரிசோதனையை எப்போது செய்வது?

இரண்டு. சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம். ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து அதிலிருந்து கணக்கிடும் வடிகட்டும் திறன். இரண்டாம் வகை என்றால் நோய் தெரிந்த அன்றே, முதல் வகை என்றால் ஐந்து வருடம் கழித்துத் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு முறை.

சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் "புரதம் இல்லை" என்று வந்ததைக் காட்டி நிம்மதியடைபவர்கள் நிறைய. நிறம் மாறும் அந்தப் பட்டை, கொஞ்சமாகப் போகும் ஆல்புமினைப் பிடிக்காது. அறிக்கையில் விகிதம் என்ற வரியைத் தேடுங்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் இயல்பு. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. 300ஐத் தாண்டினால் பாதிப்பு நன்றாகவே இருக்கிறது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தின நாள் கடும் உடற்பயிற்சி எல்லாம் இதை ஏற்றிக் காட்டும். அதனால் ஒரே அறிக்கையை வைத்து அழ வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை எடுத்து, இரண்டில் உயர்ந்திருந்தால்தான் கணக்கு. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரே சிறந்தது.

மரபணுவிலேயே எழுதியிருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்தி என்ன பயன்?

டிசிசிடி என்ற ஆய்வு 1983 முதல் 1993 வரை முதல் வகை நோயாளிகள் 1,441 பேரிடம் நடந்தது. ஒரு பிரிவினருக்கு மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 7 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. மற்றப் பிரிவினருக்கு 9ஐ ஒட்டி. முதல் பிரிவில் ஆல்புமின் கசியத் தொடங்குவது 39 விழுக்காடு குறைந்தது, அதிக அளவில் போவது 54 விழுக்காடு குறைந்தது. இந்த 1,441 பேரிலும் எளிதில் கெடும் ரகம், தாக்குப்பிடிக்கும் ரகம் இரண்டும் கலந்தே இருந்திருப்பார்கள். யார் எந்த ரகம் என்று பிரிக்காமலே இந்தப் பலன் கிடைத்தது.

அதைவிட ஆச்சரியம் பின்னால் வந்தது. ஆய்வு முடிந்தபின் இரு பிரிவினரின் சர்க்கரையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஆரம்பத்தில் நன்றாக வைத்திருந்தவர்களின் சிறுநீரகங்கள் அதன்பின் பல ஆண்டுகளுக்கு மேலான நிலையில் இருந்தன. உடம்பு பழைய சர்க்கரையை நினைவில் வைத்திருக்கிறது. மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. ஆனால் அதன்மேல் ஒட்டும் சிறு வேதிக் குறிகள் மாறுகின்றன. எந்த மரபணு பேச வேண்டும், எது வாயை மூட வேண்டும் என்று அவை சொல்கின்றன. இதே நோயாளிகளின் ரத்த அணுக்களில், டிஎக்ஸ்என்ஐபி என்ற மரபணுவின் மேல் அப்படிப்பட்ட குறிகளின் வேறுபாடு பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். "கொஞ்ச நாள் போகட்டும், பிறகு கட்டுப்படுத்திக்கொள்ளலாம்" என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

உடல் எடைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, அதை நிரூபித்ததும் மரபணுதான். எடை கூடும்படி மரபணுக்கள் அமைந்த முதல் வகை நோயாளிகளுக்குச் சிறுநீரகப் பாதிப்பும் அதிகம் என்று 2015இல் தெரிந்தது. மரபணுக்கள் பிறப்பிலேயே குலுக்கல்போல வந்துவிடுவதால், நோய் வந்து எடை கூடியதா, எடை கூடி நோய் வந்ததா என்ற பழைய சண்டைக்கு இங்கே இடமில்லை.

மரபணு ஆராய்ச்சியால் ஏதாவது மருந்து கிடைத்திருக்கிறதா?

ஒன்று, மறைமுகமாக. சிலர் பிறவியிலேயே சிறுநீரில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருப்பார்கள். ரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும், பெரும்பாலானவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. வடிகட்டிய சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சும் எஸ்ஜிஎல்டி2 என்ற கடத்திப் புரதத்தின் மரபணு அவர்களிடம் பழுதாகியிருக்கும். அந்தக் கடத்தியை அடைத்தாலும் ஆள் நன்றாகவே இருப்பான் என்று இயற்கையே செய்துகாட்டிய பரிசோதனை அது. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருளும் இதையேதான் செய்யும். இரண்டையும் சேர்த்து யோசித்ததில் பிறந்தவை எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின், கானாக்ளிஃப்ளோசின் போன்ற மருந்துகள். 2019இல் வெளியான கிரெடென்ஸ் ஆய்வில், சர்க்கரையால் சிறுநீரகம் கெட்ட 4,401 பேரிடம் கானாக்ளிஃப்ளோசின், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற பெரிய விளைவுகளை 30 விழுக்காடு குறைத்தது.

ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஏசிஇ தடுப்பு மருந்துகளும், லோசார்டான், இர்பெசார்டான் வகையும் இன்றும் சிகிச்சையின் அடித்தளம். ஃபினரினோன், செமாக்ளூட்டைட் அவற்றோடு பின்னர் சேர்ந்தவை. இவற்றில் எதையும் மரபணு பார்த்துக் கொடுப்பதில்லை. ஆல்புமின், வடிகட்டும் திறன், பொட்டாசியம் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

என் குழந்தைக்கு இப்போதே பார்த்துவிடலாமா?

சர்க்கரை நோய் இல்லாத குழந்தைக்கு இதற்காக எந்த மரபணுப் பரிசோதனையும் வேண்டாம். குடும்பத்தில் ஒற்றை மரபணு நோய் உறுதியாகியிருந்தால் மட்டும் மரபணு ஆலோசகரிடம் பேசுங்கள்.

சிறுநீரகம் தர உடன்பிறந்தவர்கள் முன்வருகிறார்கள். பின்னாளில் அவர்களுக்கு ஆபத்து வருமா?

இந்தக் கேள்வியைத் தருபவர்தான் கேட்க வேண்டும், பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டால் தயங்குவதாக நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்.

முதலில், பெறுபவருக்குச் சிறுநீரகம் போன காரணம் தெளிவாக வேண்டும். நீர்க்கட்டி நோய் அல்லது ஆல்போர்ட் என்று சந்தேகம் இருந்தால் தருபவருக்கு அது இல்லை என்று உறுதிசெய்யாமல் அறுவைக்குப் போகக்கூடாது. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளி என்றால் ஏபிஓஎல்1 பற்றியும் பேசுவார்கள். காரணம் சர்க்கரைதான் என்றால், தருபவருக்குக் குளுக்கோஸ் குடிக்கவைத்துச் சர்க்கரை பார்ப்பது, ஆல்புமின், ரத்த அழுத்தம், எடை எல்லாம் கவனமாக நடக்கும்.

இங்கேதான் குடும்பங்கள் எதிர்பாராத ஒன்று வரும். 26 வயதுத் தம்பி திடகாத்திரமாக இருக்கிறான், எல்லா அறிக்கையும் சுத்தம். 57 வயது அக்காவுக்கும் சுத்தம். வீட்டில் எல்லோரும் தம்பியைத்தான் அனுப்புவார்கள். ஆனால் சிறுநீரகம் பெறப்போகும் அண்ணனுக்கு வந்த சர்க்கரை தம்பிக்கும் எப்போது வேண்டுமானாலும் வரலாம், அதற்கு இன்னும் நாற்பது வருடக் காலம் முன்னால் கிடக்கிறது. வந்தால் ஒற்றைச் சிறுநீரகத்தோடு அதைச் சமாளிக்க வேண்டும். அக்கா அந்த வயதுகளை ஏற்கெனவே தாண்டி வந்துவிட்டார். மாற்றுச் சிகிச்சைக் குழு அக்காவின் கோப்பை முதலில் எடுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.